உறங்கும் நிரலை எழுப்புதல்: லினக்ஸ் நிகழ்வறிவிப்பின் வரலாறு

கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் நிரலைச் செயல்முறை என்பர். அது தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கணக்கிடுவதில் அன்றிக் காத்திருப்பதிலேயே கழிக்கிறது: விசைப்பலகையில் ஒரு விசை அழுத்தப்படுவதற்கும், வலையிலிருந்து தரவு வந்து சேர்வதற்கும், தான் பெற்றெடுத்த துணைச் செயல்முறை முடிவதற்கும், வேறொரு செயல்முறை தன் பங்கு வேலையை முடித்துவிட்டதாக அறிவிப்பதற்கும் அது காத்திருக்கிறது. அவ்வாறு காத்திருக்க அடிப்படையில் இரண்டு வழிகளே உண்டு. நிகழ்வு நேர்ந்துவிட்டதா என்று ஓயாமல் வினவிக்கொண்டே இருப்பது ஒன்று. இயங்குதளத்தின் கருவாகிய கெர்னலிடம் சொல்லிவைத்துவிட்டு உறங்கிப்போவது மற்றொன்று. முதல் வழி செயலியின் நேரத்தையும் மின்சாரத்தையும் வீணாக்குகிறது. இரண்டாம் வழியோ எழுப்ப வேண்டியவர் தவறாமல் எழுப்புவார் என்ற உறுதியின்மேல் நிற்கிறது. அந்த உறுதியை எவ்வாறு ஏற்படுத்துவது, பலவகை நிகழ்வுகளுக்காக ஒரே இடத்தில் உறங்குவதற்கு எவ்வாறு வழி செய்வது என்னும் இரண்டு கேள்விகளே யுனிக்ஸிலும் அதன் வழிவந்த லினக்ஸிலும் அரை நூற்றாண்டாக இத்துறையை நடத்தி வந்திருக்கின்றன.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் மர்ரே ஹில் என்ற ஊரிலிருந்த பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கிய யுனிக்ஸில், 1971ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே, பயனர் ஓடும் நிரலை இடைமறிப்பதையும் இயந்திரத்தில் நேரும் பிழைகளையும் நிரலுக்குத் தெரிவிக்கத் தனித்தனி அமைப்பு அழைப்புகள், அதாவது நிரல் கெர்னலிடம் வேலை கேட்கும் வாயில்கள், இருந்தன. 1973இன் நான்காம் பதிப்பு அவற்றை ஒன்றுதிரட்டி சிக்னல் என்ற ஒரே அழைப்பாக்கியது. 1979இன் ஏழாம் பதிப்பில் ஒவ்வொரு சிக்னல் எண்ணும் தனக்கென ஒரு பெயரைப் பெற்றது. சிக்னல் என்பது கெர்னல் ஒரு செயல்முறைக்கு அனுப்பும் எண் மட்டுமே. அது வந்து சேர்ந்த கணத்தில், நிரல் எந்த வரியில் இருந்தாலும் அங்கேயே நிறுத்தப்பட்டு, அதற்கென எழுதப்பட்ட கையாளி என்னும் செயற்கூறு ஓடுகிறது. விபத்தை அறிவிப்பதற்காகப் பிறந்த இந்த ஏற்பாடு, செயல்முறைகள் தமக்குள் செய்தி சொல்லிக்கொள்ளும் வழியாகப் பின்னாளில் பயன்படுத்தப்பட்டதே பல தொல்லைகளுக்கு மூலமாயிற்று.

அதே ஆய்வுக்கூடத்தில் பிறந்த மற்றொரு வழி பைப் என்னும் குழாய். தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் ரப்பர்க் குழாய்களை ஒன்றோடொன்று திருகிப் பூட்டுவதுபோல நிரல்களையும் பூட்ட முடிய வேண்டும் என்று டக் மெக்கில்ராய் 1964இலேயே ஒரு குறிப்பில் எழுதியிருந்தார். அவருடைய இடைவிடாத வற்புறுத்தலுக்குப் பின் 1973 ஜனவரியில் தாம்சன் ஒரே இரவில் அதைச் செயல்படுத்தினார் என்பது யுனிக்ஸ் வரலாற்றில் நன்கு அறியப்பட்ட செய்தி. குழாயைத் தரவு கடத்தும் கருவியாக மட்டுமே பார்ப்பவர்கள் அதன் மற்றொரு பண்பைக் கவனிப்பதில்லை. வெறுமையான குழாயைப் படிக்க முற்படும் செயல்முறை உறங்கிப்போகிறது. மறுமுனையில் ஒரே ஒரு பைட் எழுதப்பட்டாலும் அது விழித்துக்கொள்கிறது. எழுதப்பட்ட பைட் படிக்கப்படும்வரை குழாயிலேயே தங்கியிருப்பதால், படிப்பவர் சற்றுத் தாமதமாக வந்தாலும் அறிவிப்பு தொலைந்துபோவதில்லை. இவ்வளவு எளிய ஒரு கருவியில் எழுப்புதலும் நினைவில் வைத்தலும் ஒருசேர அமைந்திருந்தது பெரும் பேறு. சிக்னலுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை.

பழைய சிக்னல் முறையில் இருந்த குறைகளைச் சற்று விரிவாகக் காண்பது தேவை, ஏனெனில் பிற்காலக் கருவிகள் ஒவ்வொன்றும் அவற்றில் ஏதேனும் ஒன்றுக்கு மருந்தாகவே வந்தன. ஏழாம் பதிப்பில், ஒரு சிக்னல் வந்து கையாளி ஓடத் தொடங்கியதும் அந்தக் கையாளியின் பதிவு தானாகவே நீங்கிவிடும். நிரல் அதை மறுபடி பதிவு செய்வதற்குள் இரண்டாவது சிக்னல் வந்தால் பெரும்பாலும் நிரல் மடிந்துபோகும். ஒரே வகைச் சிக்னல் பல, முதலாவது கையாளப்படுவதற்கு முன் வந்து சேர்ந்தால் அவை ஒன்றாகிவிடும். மூன்று துணைச் செயல்முறைகள் அடுத்தடுத்து முடிந்தும் தாய்ச் செயல்முறைக்கு ஒரே அறிவிப்பு கிடைக்கலாம். கையாளிக்குள் நினைவகம் ஒதுக்கும் மேலாக் போன்ற சாதாரணச் செயற்கூற்றைக்கூட அழைக்க முடியாது, ஏனெனில் இடைமறிக்கப்பட்ட நிரலே அப்போது அதே செயற்கூற்றின் நடுவில், அதன் பூட்டைப் பிடித்தபடி நின்றிருக்கக்கூடும். எல்லாவற்றிலும் நுட்பமானது நான்காவது குறை. சிக்னல் வந்துவிட்டதா என்று ஒரு கொடியைச் சோதித்து, வரவில்லை என்று கண்டு, பிறகு உறங்கப்போகும் நிரலுக்குச் சோதனைக்கும் உறக்கத்துக்கும் இடையிலான சிறு இடைவெளியில் சிக்னல் வந்துவிட்டால், வந்துபோன அறிவிப்புக்காக அது என்றென்றைக்கும் உறங்கிக்கொண்டிருக்கும். நிரலாளர்கள் ரேஸ் கண்டிஷன் என்று சொல்லும் போட்டிநிலைப் பிழைகளில் இதுவே தொலைந்த எழுப்புதல் எனப்படுவது. ஆயிரம் முறை ஓடும்போது ஒரு முறைகூட வெளிப்படாமல் இருந்துவிட்டு, சுமை மிகுந்த ஒரு நாளில் வெளிப்படுவது அதன் இயல்பு.

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உருவான 4.2 பிஎஸ்டி என்னும் யுனிக்ஸ் பதிப்பு 1983இல் இதற்கு விடை கண்டது. கையாளியின் பதிவு நிலைத்திருக்கும்படியும், ஒரு சிக்னலைத் தற்காலிகமாகத் தடுத்துவைக்க முடியும்படியும், தடையை நீக்குவதும் உறங்குவதும் பிரிக்க முடியாத ஒரே செயலாக நடக்கும்படியும் அது சிக்னலை மாற்றியமைத்தது. யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான 1988ஆம் ஆண்டின் போசிக்ஸ் தரநிலை அதே கருத்துகளைப் புதுப் பெயர்களில் ஏற்றுக்கொண்டது; 1993இல் வந்த அதன் நிகழ்நேர விரிவு, வரிசையில் நிற்கக்கூடியனவும் ஒரு மதிப்பைச் சுமந்து வரக்கூடியனவுமான புதிய சிக்னல்களைச் சேர்த்தது. சோதனையையும் உறக்கத்தையும் ஒரே செயலாக இணைத்துவிடும் மருந்தை இங்கே குறித்துவைப்பது பயனுடையது; வெவ்வேறு வேடங்களில் அது மீண்டும் வரும்.

4.2 பிஎஸ்டியின் மற்றொரு கொடை செலக்ட் என்ற அழைப்பு. யுனிக்ஸில் திறந்திருக்கும் கோப்பு, குழாய், முனையம், வலை இணைப்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் கெர்னல் ஒரு சிறு முழு எண்ணைத் தருகிறது. அதற்கு ஃபைல் டிஸ்கிரிப்டர் என்று பெயர். பல டிஸ்கிரிப்டர்களை ஒரு பிட் வரிசையில் குறித்துக் கொடுத்து, இவற்றுள் எதுவேனும் படிக்கவோ எழுதவோ தயாராகும்வரை உறங்க வைக்குமாறு கேட்பதே செலக்ட். வலை இணைப்புகளுக்குரிய சாக்கெட் இதே பதிப்பில்தான் வந்தது என்பதால், ஒரே செயல்முறை பல இணைப்புகளைக் கவனிக்க வேண்டிய தேவையும் அதற்கான கருவியும் உடன்பிறந்தவை ஆயின. ஏடி அண்ட் டியின் சிஸ்டம் வி கிளையில் மூன்றாம் வெளியீட்டோடு வந்த போல் என்ற அழைப்பு அதே வேலையைப் பிட் வரிசைக்குப் பதிலாகப் பட்டியலைக் கொண்டு செய்தது.

ஆனால் அதே சிஸ்டம் வி கிளை, செயல்முறைகளுக்கு இடையிலான தொடர்புக்கென்று செய்தி வரிசை, செமஃபோர் என்னும் எண்ணுப்பூட்டு, பகிர்ந்த நினைவகம் ஆகிய மூன்றையும் டிஸ்கிரிப்டர்களோடு தொடர்பில்லாத தனி அடையாள எண்களின்மேல் கட்டிவிட்டது. ஒகையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரிலிருந்த பெல் ஆய்வுக்கூடக் கிளையின் உள்ளகப் பதிப்பில் தோன்றிய இவை மூன்றும் தனித்தனியே திறமானவை என்றாலும், செய்தி வரிசையையும் வலை இணைப்பையும் ஒரே செலக்டில் வைத்துக் காத்திருக்க வழியில்லை. இரண்டுக்கும் காத்திருக்க வேண்டிய நிரல் இரண்டு செயல்முறைகளாகப் பிளவுபட வேண்டியதாயிற்று. யுனிக்ஸின் வடிவமைப்பில் நேர்ந்த மிகத் தெளிவான தவறுகளுள் இது ஒன்று எனலாம்.

ஹெல்சின்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ், இந்த இரண்டு கிளைகளின் சொத்தையும் கடனையும் சேர்த்தே வாரிசாகப் பெற்றது. சிக்னல், குழாய், செலக்ட் ஆகியவற்றோடு சிஸ்டம் வி கருவிகளும் சில ஆண்டுகளில் அதற்குள் வந்து சேர்ந்தன. போல் மட்டும் 1997இல், 2.1.23ஆம் பதிப்பில்தான் கெர்னலின் அழைப்பாயிற்று. செலக்டையும் சிக்னலையும் ஒருங்கே பயன்படுத்தும் நிரல்களில் பழைய தொலைந்த எழுப்புதல் மீண்டும் தலைகாட்டியது. அதற்கு டேனியல் பெர்ன்ஸ்டைன் ஏறத்தாழ 1990இல் கண்ட உத்தி எளிமையும் அழகும் உடையது: நிரல் தனக்குத் தானே ஒரு குழாயைத் திறந்துகொள்கிறது, சிக்னல் கையாளி அதில் ஒரு பைட் எழுதுவதோடு நின்றுவிடுகிறது, செலக்ட் மற்ற டிஸ்கிரிப்டர்களோடு அந்தக் குழாயின் படிக்கும் முனையையும் கவனிக்கிறது. முறைப்படியான மருந்தாகிய பிசெலக்ட், சிக்னல் தடையை மாற்றுவதையும் உறங்குவதையும் ஒரே செயலாக்குவது. அது லினக்ஸ் கெர்னலுக்குள் 2006இல், 2.6.16ஆம் பதிப்பில்தான் வந்தது. அதுவரை சி நூலகம் அதே பெயரில் தந்துவந்த போலி வடிவம், எந்தப் பிழையைத் தீர்க்க பிசெலக்ட் வகுக்கப்பட்டதோ அதே பிழையைத் தன்னுள் வைத்திருந்தது.

தொண்ணூறுகளின் இறுதியில் வேறொரு நெருக்கடி முன்னுக்கு வந்தது. செலக்டும் போலும் ஒவ்வோர் அழைப்பிலும் முழுப் பட்டியலையும் நிரலிடமிருந்து பெற்று, ஒவ்வொரு டிஸ்கிரிப்டரையும் வரிசையாகச் சோதித்து, முடிந்ததும் அந்தப் பட்டியலையே மறந்துவிடுகின்றன. லினக்ஸின் சி நூலகத்தில் செலக்டின் பிட் வரிசை 1,024 இடங்களோடு நின்றுவிடுகிறது என்பது ஒருபுறமிருக்க, பத்தாயிரம் இணைப்புகளில் மூன்றில் மட்டுமே தரவு வந்திருந்தாலும் பத்தாயிரத்தையும் தொட்டுப் பார்த்தாக வேண்டும். ஒரே சேவைக்கணினியால் பத்தாயிரம் பயனர்களை ஒரே நேரத்தில் கவனிக்க முடியுமா என்ற கேள்வியை டான் கெகல் 1999இல் எழுப்பியபோது, முட்டுக்கட்டை வன்பொருளில் இல்லை, இந்த அழைப்புகளில்தான் இருக்கிறது என்பது வெளிப்படையாயிற்று.

ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்துக்காக ஜோனதன் லெமன் வடிவமைத்து 2000ஆம் ஆண்டின் 4.1ஆம் பதிப்பில் வெளிவந்த கேக்யூ, இந்தக் கேள்விக்கு அகலமான விடையைத் தந்தது. கவனிக்க வேண்டியவற்றின் பட்டியலைக் கெர்னலே நினைவில் வைத்துக்கொள்வதோடு, டிஸ்கிரிப்டர் தயாராவது, கோப்பு மாறுவது, செயல்முறை முடிவது, சிக்னல் வருவது என்னும் வேறுபட்ட நிகழ்வுகளை எல்லாம் ஒரே வரிசையில் கொண்டுவந்து சேர்ப்பதாகவும் அது அமைந்தது. லினக்ஸ் அந்த வழியைப் பின்பற்றவில்லை. முதலில் அது நிகழ்நேரச் சிக்னல்கள் வழியாக டிஸ்கிரிப்டர் தயாரான செய்தியை அனுப்பிப் பார்த்தது. சிக்னல் வரிசை நிரம்பி வழிந்தால் நிரல் மறுபடி போலுக்கே திரும்ப வேண்டியிருந்ததால் அந்த முயற்சி வேரூன்றவில்லை. பின்னர் டேவிடே லிபென்சி உருவாக்கிய ஈபோல் 2002 அக்டோபரில் 2.5.44 என்ற சோதனைப் பதிப்பில் சேர்ந்து, 2003 டிசம்பரின் 2.6 வெளியீட்டோடு பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது.

ஈபோலில் நிரல் தன் விருப்பப் பட்டியலை ஒருமுறை பதிவு செய்தால் போதும். கெர்னல் அதைச் சமநிலை மர அமைப்பில் வைத்துக்கொண்டு, எந்த டிஸ்கிரிப்டரில் நிகழ்வு நேர்கிறதோ அதைத் தயார்ப் பட்டியலில் தானே சேர்த்துவிடுகிறது. காத்திருக்கும் அழைப்பின் செலவு கவனிக்கப்படும் இணைப்புகளின் தொகையைப் பொறுத்தல்லாமல், விழித்தெழுந்த இணைப்புகளின் தொகையைப் பொறுத்தே அமைகிறது. தரவு மிச்சமிருக்கும்வரை ஒவ்வொரு முறையும் அறிவிக்கும் மட்ட முறை, புதிதாக வரும்போது மட்டும் அறிவிக்கும் விளிம்பு முறை என இரண்டு வகைகளை அது தந்தது. விளிம்பு முறையைத் தேர்ந்தவர், தரவு தீர்ந்ததென்று கெர்னலே சொல்லும்வரை படித்துத் தீர்க்காவிட்டால், அறிவிப்பு வராமலேயே நிரல் முடங்கிவிடும். ஈபோலின் பதிவு டிஸ்கிரிப்டர் எண்ணோடு அன்றி அதற்குப் பின்னாலுள்ள திறந்த கோப்பின் கெர்னல் பதிவோடு பிணைந்திருப்பதால், எண்ணை மூடிய பிறகும், அதன் நகல் வேறெங்கோ உயிரோடு இருந்தால், மூடிய எண்ணின் பேரில் நிகழ்வுகள் வந்துகொண்டே இருக்கும் என்பது இன்றளவும் நீங்காத வடு. இருந்தபோதிலும், 2004இல் இகோர் சிசோயேவ் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் முதல் நோட் ஜேஎஸ் வரை, இன்றைய வலைச்சேவைகளின் பெரும்பகுதி லினக்ஸில் ஈபோலின் மேல்தான் நிற்கிறது.

ஈபோல் வந்த அதே 2002இல், நினைவகத்தைப் பகிர்ந்துகொள்ளும் செயல்முறைகளுக்கென்று ஃபியூடெக்ஸ் என்னும் வேறொரு கருவி பிறந்தது. ஹூபர்டஸ் ஃபிராங்கே, ரஸ்டி ரஸ்ஸல், மேத்யூ கிர்க்வுட் ஆகியோர் அவ்வாண்டு ஒட்டாவாவில் நடந்த லினக்ஸ் கருத்தரங்கில் அதைப் பற்றிய கட்டுரையை அளித்தனர். இங்கோ மோல்னாரும் அதன் உருவாக்கத்தில் பங்கு கொண்டவர். பகிர்ந்த நினைவகத்தில் உள்ள 32 பிட் எண் ஒன்றே பூட்டு. போட்டி இல்லாதபோது செயல்முறைகள் அந்த எண்ணைச் செயலியின் பிரிக்கவியலாக் கட்டளைகளால் மாற்றிக்கொள்கின்றன. கெர்னலை நாடுவதே இல்லை. போட்டி நேர்ந்தால் மட்டும், எண்ணில் இன்ன மதிப்பு இருக்கும் என்று எதிர்பார்த்து உறங்க விரும்புவதாக நிரல் கெர்னலிடம் சொல்கிறது. கெர்னல் மதிப்பைச் சோதித்து, அது அதற்குள் மாறியிருந்தால் உறங்கவிடாமல் உடனே திருப்பியனுப்பிவிடுகிறது. சோதனையும் உறக்கமும் ஒரே செயல் என்ற அந்தப் பழைய மருந்தே இங்கு முற்றிலும் புதிய உருவில் வந்திருக்கிறது. லினக்ஸில் மியூடெக்ஸ் பூட்டுகளும் போசிக்ஸ் செமஃபோர்களும் இன்று இதன்மேல்தான் கட்டப்பட்டுள்ளன.

ஆயினும் ஃபியூடெக்ஸ் டிஸ்கிரிப்டர் அன்று. பூட்டுக்கும் வலை இணைப்புக்கும் ஒரே இடத்தில் காத்திருப்பதற்காகத் தொடக்கத்தில் ஃபியூடெக்ஸிலிருந்து ஒரு டிஸ்கிரிப்டரைப் பெறும் வழியும் தரப்பட்டிருந்தது. அதில் தீர்க்க முடியாத போட்டிநிலைப் பிழை இருந்தமையால் 2008இல், 2.6.26ஆம் பதிப்பில் அது நீக்கப்பட்டது.

கோப்புகள் மாறுவதை அறியும் முயற்சியும் சிக்னலில் தொடங்கி டிஸ்கிரிப்டரில் முடிந்த கதையே. 2.4ஆம் பதிப்பின் டிநோட்டிஃபை, கோப்பகம் மாறியது என்பதைச் சிக்னல் மூலம் சொல்லியது. எந்தக் கோப்பு என்று அது சொல்லவில்லை. கோப்பகத்தைத் திறந்தே வைத்திருக்க வேண்டியிருந்ததால், அந்த வட்டைக் கழற்றவும் முடியவில்லை. ஜான் மெக்கட்சனும் ராபர்ட் லவ்வும் எழுதிய ஐநோட்டிஃபை 2005 ஆகஸ்டில், 2.6.13ஆம் பதிப்பில் வந்து அதன் இடத்தைப் பிடித்தது.

2007 ஜூலையில் வெளிவந்த 2.6.22ஆம் பதிப்பு இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். அதில் லிபென்சி மூன்று கருவிகளை ஒருசேரக் கொண்டுவந்தார். சிக்னல்எஃப்டி, சிக்னல்களைக் கையாளியின்றி டிஸ்கிரிப்டர் வழியே படிக்கத் தந்தது. ஆனால் ஒன்றுகலக்கும் பழைய குறையை அது நீக்கவில்லை, தடுக்கப்பட்ட சிக்னல்களின் பட்டியல் துணைச் செயல்முறைகளுக்கும் ஒட்டிக்கொண்டு போகும் என்ற புதிய தொல்லையையும் சேர்த்தது. டைமர்எஃப்டி நேரம் கடந்ததைச் சொல்வது. அதன் முதல் வடிவம் போதாதென்பதை லினக்ஸ் கையேட்டுப் பக்கங்களைப் பராமரித்துவந்த மைக்கேல் கெரிஸ்க் சுட்டிக்காட்டியதை அடுத்து, அது விலக்கப்பட்டு, திருத்திய வடிவில் 2008இல் 2.6.25ஆம் பதிப்பில் திரும்பி வந்தது. ஆவணம் எழுதுபவரே ஒரு கருவியின் முதல் உண்மையான பயனர் ஆகிறார் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

மூன்றாவதான ஈவென்ட்எஃப்டியே செயல்முறைகளுக்கு இடையிலான அறிவிப்புக்கு நேரான கருவி. அது கெர்னலுக்குள் இருக்கும் 64 பிட் எண்ணி மட்டுமே. எழுதினால் கூடுகிறது, படித்தால் இருந்த தொகையைத் தந்துவிட்டுச் சுழியமாகிறது, சுழியமாக இருக்கும்போது படிக்க வருபவர் உறங்குகிறார். பெர்ன்ஸ்டைனின் குழாய் உத்திக்கு இரண்டு டிஸ்கிரிப்டர்களும் ஒரு தரவுத் தேக்கமும் தேவைப்பட்ட இடத்தில், இதற்கு ஒரே டிஸ்கிரிப்டரும் எட்டு பைட்டும் போதும். எத்தனை அறிவிப்புகள் வந்தன என்ற எண்ணிக்கையும் தொலைவதில்லை. தொடர்பில்லாத செயல்முறைகள் யுனிக்ஸ் டொமைன் சாக்கெட் வழியாக டிஸ்கிரிப்டரையே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாற்றிக்கொள்ள முடியும் என்பதால், மெய்நிகர் கணினிகளை நடத்தும் கேவிஎம் அமைப்பு விருந்தினர் இயங்குதளத்துக்குக் குறுக்கீடு அனுப்புவதற்குக்கூட இந்தச் சிறு எண்ணியையே பயன்படுத்துகிறது.

செயல்முறைகளுக்கு மட்டும் நெடுநாள் டிஸ்கிரிப்டர் இல்லாமலே இருந்தது. அவற்றின் அடையாள எண்கள் நெடுங்காலம் வழக்கமாக 32,768ஐ எட்டியதும் மறுசுழற்சியாயின. முடிந்துபோன செயல்முறைக்கென்று அனுப்பிய சிக்னல், அதே எண்ணைப் பெற்ற முற்றிலும் வேறான செயல்முறையைக் கொன்றுவிடக்கூடும். கிறிஸ்டியன் பிரவுனர் முன்னின்று செய்த பிஐடிஎஃப்டி 2019இல் 5.1, 5.3 ஆகிய பதிப்புகளில் வந்து இதைத் தீர்த்தது. செயல்முறை முடிவதையும் ஈபோலில் வைத்துக் காத்திருக்க இப்போது முடிகிறது. கேக்யூ 2000இல் ஒரே வடிவமைப்பில் தந்ததை லினக்ஸ் 2002 முதல் 2019 வரை பதினேழு ஆண்டுகளில் துண்டுதுண்டாகச் சேர்த்தது. துண்டுகள் ஒவ்வொன்றும் தனியே பயன்படத்தக்கன என்பது இந்த வழியின் நயம். அவற்றின் நடத்தைகள் ஒன்றோடொன்று ஒத்திராமை அதற்குக் கொடுத்த விலை.

2019இன் அதே 5.1ஆம் பதிப்பில் ஜென்ஸ் ஆக்ஸ்போ சேர்த்த ஐஓ யூரிங், தயாரானதை அறிவிக்கும் முறையையே விட்டுவிட்டு, நிரலும் கெர்னலும் பகிர்ந்துகொள்ளும் இரண்டு வட்ட வரிசைகளில் வேலையை இடுவதும் முடிவைப் பெறுவதுமான முறையைக் கொண்டுவந்தது. 2024 ஜனவரியின் 6.7ஆம் பதிப்பில் ஃபியூடெக்ஸுக்காகக் காத்திருப்பதும் அந்த வேலைகளுள் ஒன்றாகச் சேர்ந்தமையால், 2008இல் நீக்கப்பட்ட வசதி வேறு வழியாகத் திரும்பி வந்துவிட்டது. ஐஓ யூரிங்கில் பாதுகாப்புக் குறைகள் அடுத்தடுத்துக் கண்டறியப்பட்டதால், கூகுள் 2023இல் தன் சேவைக்கணினிகளிலும் குரோம் ஓஎஸ்ஸிலும் அதை முடக்கி, ஆண்ட்ராய்டில் பயன்பாட்டு நிரல்களுக்கு எட்டாமல் வைத்தது. ஆகவே புதிதாக நிரல் எழுதுபவருக்கு ஈபோலும் ஈவென்ட்எஃப்டியும் இன்றும் நம்பத்தக்க இணை. கவனிக்க வேண்டிய டிஸ்கிரிப்டர்கள் சில பத்துகளுக்குள் அடங்குமானால், நாற்பது ஆண்டுப் பழைமையை எட்டும் போலே போதும், மற்ற யுனிக்ஸ்கள் பெரும்பாலானவற்றிலும் அது மாற்றமின்றி ஓடும்.